யூ-பூட் அமைப்புகளை எங்கே வைப்பது? ஒரு போர்டுக்காக நாங்கள் அலசிய வழிகள்

இருபது போர்டுகளை ஒரே ஸ்விட்ச்சில் செருகினோம். ஒன்றுக்கும் ஒழுங்காக நெட்வொர்க் வரவில்லை. பிங் போட்டால் நான்கு பதில் வரும், அப்புறம் பத்து வினாடி மௌனம், மறுபடி இரண்டு பதில். கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச்சை மாற்றினோம், டிஎச்சிபி சர்வரை நிறுத்திக் கிளப்பினோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்த ஒருவர்தான் ஸ்விட்ச்சின் மேக் முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தார். இருபது போர்டுக்கும் ஒரே மேக் முகவரி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய எண் அது.

தயாரிப்புச் சோதனையின் கடைசிப் படியில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். சோதனையின்போது விழுந்த குப்பையைத் துடைப்பதற்காக, யூ-பூட் பூட்லோடரின் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி லினக்ஸைக் கிளப்பும் மென்பொருள்) என்விரான்மென்ட் பகுதியை, அதாவது அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தை, அது அழித்துவிடும். ஒவ்வொரு போர்டுக்கும் உரிய மேக் முகவரியும் அதே பகுதியில்தான் இருந்தது. அது போனதும் யூ-பூட் தனக்குள்ளேயே தொகுத்து வைத்திருந்த இயல்புநிலை மதிப்புகளை எடுத்துக்கொண்டது. அவற்றில், மேசையில் வைத்துச் சோதிப்பதற்காக எப்போதோ நாங்கள் எழுதி மறந்துபோன ஒரு மேக் முகவரி இருந்தது. ஸ்கிரிப்ட் எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. அழிக்கக்கூடிய இடத்தில் அதை வைத்தது நாங்கள்.

அடுத்த போர்டைத் தொடங்கும்போது இந்த ஒரு கேள்விக்காகவே இரண்டு நாள் உட்கார்ந்தோம். சிப், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ். பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டில் இருப்பதும் இதுதான். சேமிப்புக்கு 4 ஜிபி இ-எம்எம்சி, போர்டிலேயே பதித்த மெமரி கார்டு மாதிரி. ஒரு எஸ்பிஐ நார் ஃப்ளாஷுக்கும் சின்ன ஐ2சி ஈஈப்ராமுக்கும் (இரண்டும் மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் சிப்புகள்; எஸ்பிஐ, ஐ2சி என்பவை அவற்றை இணைக்கும் கம்பி வழிகள்) போர்டில் இடம் உண்டு, தேவையானால். அப்போது அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே பெட்டிக்குள் மூன்று சாமான்

பூட்லோடர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை எல்லாம் ஒரே இனமல்ல. "நான் யார்" என்பது ஒன்று: போர்டின் மாதிரி, திருத்த எண், வரிசை எண், மேக் முகவரி. தொழிற்சாலையில் ஒருமுறை எழுதினால் அப்புறம் யாரும் தொடக் கூடாது. "எதில் எது இணைந்திருக்கிறது" என்பது இன்னொன்று: எந்தப் பின்னில் எல்இடி, எந்த ஐ2சி வரிசையில் எந்த சென்சார். இது மென்பொருள் பதிப்போடு சேர்ந்து மாறும், மாற்றுவது டெவலப்பர். மூன்றாவது "இப்போது என்ன செய்ய வேண்டும்": மென்பொருளின் இரண்டு நகல்கள் இருக்கும் ஏ, பி என்ற பகுதிகளில் எதிலிருந்து கிளம்புவது, எத்தனை தடவை கிளம்பித் தோற்றது. இதை ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸே மாற்றும்.

யூ-பூட்டின் என்விரான்மென்ட் இந்த மூன்றையும் வாங்கிக்கொள்ளும். எதையும் மறுக்காது. அதன் வடிவம் அவ்வளவு எளிது: பெயர், சமக்குறி, மதிப்பு; நடுவில் ஒரு பூஜ்ய பைட்; எல்லாம் முடிந்ததும் இரண்டு பூஜ்ய பைட். தலைப்பில் 4 பைட் சிஆர்சி, தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். கிளம்பும்போது சிஆர்சி ஒத்துப்போகாவிட்டால் கன்சோலில் ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு, இயல்புநிலை மதிப்புகளோடு ஒன்றும் நடக்காததுபோல மேலே போகும். மேசையில் இருக்கும் டெவலப்பருக்கு இது வரம். கன்சோலில் யாரும் கண் வைக்காத களத்தில் நிலைமை வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. "சேவ்என்வ்" கட்டளை, நீங்கள் மாற்றிய மாறியை மட்டும் எழுதுவதில்லை. அந்த நேரத்தில் நினைவில் இருக்கும் எல்லா மாறிகளையும் எழுதுகிறது, நீங்கள் தொடாத இயல்புநிலை மதிப்புகள் உட்பட. ஐபி முகவரியை மாற்றிச் சேமித்தீர்கள் என்றால், அன்றைய "பூட்கமாண்ட்" (கிளம்பும்போது தானாக ஓடும் கட்டளை), அன்றைய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ஏற்று முகவரி, வன்பொருளைக் கெர்னலுக்கு வர்ணிக்கும் அன்றைய டிவைஸ் ட்ரீ கோப்பின் பெயர் எல்லாம் ஃப்ளாஷில் உறைந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் புது யூ-பூட் போகிறது. அதில் கிளம்பும் முறையை நீங்கள் திருத்தியிருப்பீர்கள். ஆனால் சேமித்த என்விரான்மென்ட் புதிய இயல்புநிலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். புது பூட்லோடர் பழைய கட்டளையை ஓட்டும். ஒருபோதும் "சேவ்என்வ்" போடாத போர்டுகள் சரியாகக் கிளம்பும், போட்டவை விழும். காரணம் பிடிபடும்வரை இது பேய்க்கதை மாதிரிதான் இருக்கும்.

அதனால் எந்த ஃப்ளாஷில் வைப்பது என்று கேட்பதற்கு முன், எதையெல்லாம் அதில் வைக்கவே கூடாது என்று முடிவு செய்தோம்.

"நான் யார்": ஈஈப்ராமா, ஃப்யூஸா?

இதில் பீகிள்போன் நல்ல பாடம். முதலில் வந்த பீகிள்போனில் 256 எம்பி டிடிஆர்2. பின்னால் வந்த பிளாக்கில் 512 எம்பி டிடிஆர்3. இரண்டுக்கும் ஒரே யூ-பூட் பைனரி ஓடும். எந்த ராம் என்று அதற்கு எப்படித் தெரியும்? போர்டில் ஒரு ஐ2சி ஈஈப்ராம் இருக்கிறது. பிளாக்கில் அது 4 கிலோபைட். அதன் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாள எண், 8 எழுத்தில் போர்டின் பெயர், 4 எழுத்தில் பதிப்பு, 12 எழுத்தில் வரிசை எண். முதல் கட்ட ஏற்றியான எஸ்பிஎல் இதைப் படித்து, அதற்கேற்ற ராம் அளவுருக்களை எடுத்துக்கொள்கிறது.

இந்த வரிசை முக்கியம். எஸ்பிஎல் ஓடும்போது டிடிஆர் ராம் இன்னும் உயிர்பெறவில்லை. சிப்புக்குள் இருக்கும் 128 கிலோபைட்டில்தான் எல்லா வேலையும். அந்த நெருக்கடியில் இ-எம்எம்சியை எழுப்பி, கோப்பு முறைமையைப் புரிந்து, ஒரு கோப்பைத் தேடுவது பெரிய வேலை. ஐ2சியில் முப்பது பைட் படிப்பதற்குச் சில வரிகள் போதும். ஆகவே ராம் வகையைச் சொல்லும் தகவலுக்கு ஈஈப்ராமோ, பின்களில் மின்தடை கட்டி எண் காட்டுவதோதான் நடைமுறை வழி. மின்தடைக் கட்டு மலிவு, யாரும் அழிக்க முடியாது. மூன்று பின்னில் எட்டு வகை. வரிசை எண்ணை அதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஈஈப்ராமின் பலவீனமும் பீகிள்போன் உலகத்தில் பிரசித்தம். அதே வரைபடத்தை வைத்துத் தானே போர்டு செய்பவர், ஈஈப்ராமை வெறுமையாக விட்டுவிடுவார். எஸ்பிஎல் அடையாள எண்ணைத் தேடும், கிடைக்காது, நின்றுவிடும். சாலிடரில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் போகும். வெற்று ஈஈப்ராம் வந்தால் எந்த போர்டாக நடந்துகொள்வது என்று குறியீட்டிலேயே ஒரு முடிவு எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேக் முகவரிக்கு ஏஎம்335எக்ஸில் இன்னும் நல்ல இடம் உண்டு. சிப் செய்பவர்களே இரண்டு முகவரிகளை உள்ளே ஃப்யூஸில், அதாவது ஒருமுறை எரித்தால் மாற்ற முடியாத பிட்டுகளில், எரித்து அனுப்புகிறார்கள். (எங்கள் பழைய போர்டின் சிப்பில் இந்த வசதி இல்லை.) அப்படிக் கிடைக்காத சிப் என்றால் மைக்ரோசிப்பின் 24ஏஏ02இ48 மாதிரி ஒன்றைப் பார்க்கலாம்: 2 கிலோபிட் ஈஈப்ராம், அதன் மேல் பாதியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு 48 பிட் முகவரி எழுதப்பட்டே வரும், அந்தப் பாதி பூட்டப்பட்டிருக்கும். முகவரித் தொகுதியைக் காசு கொடுத்து வாங்க முடியாத சின்ன நிறுவனத்துக்கு இது பெரிய உதவி.

இங்கே ஒரு கண்ணி. என்விரான்மென்ட்டில் "ஈத்அட்ரஸ்" இல்லாதபோதுதான் ஏஎம்335எக்ஸின் யூ-பூட் குறியீடு ஃப்யூஸைப் பார்க்கும். இருந்தால் என்விரான்மென்ட்டே ஜெயிக்கும். எனவே இயல்புநிலை மதிப்புகளில் மேக் முகவரியே இருக்கக் கூடாது. ஒரு சோதனை முகவரிகூடக் கூடாது.

வன்பொருள் வர்ணனை

இதில் தயக்கம் அதிகம் இல்லை. டிவைஸ் ட்ரீ. 1994இல் வந்த ஓபன் ஃபர்ம்வேர் தரத்தில் பிறந்து, பவர்பிசி லினக்ஸ் வழியாக, 2011க்குப் பிறகு ஏஆர்எம் பக்கம் வேகமாகப் பரவியது. கெர்னலும் அதன் டிவைஸ் ட்ரீயும் ஒரே பொதியில் ஒன்றாகப் போக வேண்டும். யூ-பூட்டின் ஃபிட் வடிவம் அதற்குத்தான். திருத்தம் ஏ, பி, சி மூன்றுக்கும் மூன்று ட்ரீகளை உள்ளே போட்டுவிட்டு, ஈஈப்ராமில் இருக்கும் திருத்த எண்ணைப் பார்த்து எதை எடுப்பது என்று யூ-பூட்டே தீர்மானிக்கலாம். ராம் அளவு, மேக் முகவரி, கெர்னல் கட்டளை வரி ஆகியவற்றைக் கடைசி நேரத்தில் அதுவே ட்ரீயில் செருகிவிடும். டிவைஸ் ட்ரீயைத் தனியாக ஈஈப்ராமிலோ நார் ஃப்ளாஷிலோ எரித்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கெர்னலை மேம்படுத்தும் நாளில் அது பின்தங்கி நிற்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.

மாறும் அமைப்புகள்: உண்மையான போட்டி இங்கேதான்

மிச்சம் ஐந்தாறு மாறிகள். இவற்றை எங்கே வைப்பது?

ஃபேட் (எல்லாக் கணினியும் படிக்கும் எளிய கோப்பு முறைமை) பகுதியில் ஒரு கோப்பாக வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினால் கோப்பு தெரியும். அழிக்கலாம், நகலெடுக்கலாம். ஆனால் ஃபேட்டில் ஜர்னல், அதாவது எழுதப்போவதை முன்பே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பு மட்டுமல்ல, கோப்பு அட்டவணையும் பாதிக்கப்படலாம், அதே பகுதியில் கெர்னலும் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். இதன் சாதுவான தம்பி ஒன்று உண்டு: "யூஎன்வ்.டிஎக்ஸ்டி" என்ற சாதாரண உரைக் கோப்பு. யூ-பூட் அதைப் படித்து மாறிகளை இறக்கிக்கொள்ளும், எழுதுவதே இல்லை. ராஸ்பெரி பையின் "கான்ஃபிக்.டிஎக்ஸ்டி"யைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். ஆய்வுக்கூடத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் இதைவிட நல்லது கிடையாது. சுவரில் மாட்டி மூன்று வருடம் மறந்துவிடப்போகும் பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இ-எம்எம்சியில் பகுதிகளுக்கு (பார்ட்டிஷன்) வெளியே, தொடக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் நேரடியாக எழுதுவது அடுத்த வழி. இதில் ஆபத்து அக்கம்பக்கத்தாரால் வரும். ஆல்வின்னர் சிப்புகளின் கதை இதற்கு உதாரணம். அங்கே பூட்லோடர் 8 கிலோபைட் தொலைவிலும், என்விரான்மென்ட் 544 கிலோபைட் தொலைவிலும் இருந்தது. வருடம்தோறும் யூ-பூட் பருத்துக்கொண்டே போனது. 64 பிட் சிப்புகள் வந்ததும் அதன் வால் என்விரான்மென்ட்டை முட்டத் தொடங்கியது. 2018இல் அந்த சிப்புகளுக்கான இடத்தை ஃபேட் கோப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய போர்டுகள் தங்கள் அமைப்புகளை இழக்கக் கூடாது என்பதற்காக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் என்விரான்மென்ட்டைத் தேடும் வசதியையே யூ-பூட்டில் சேர்த்தார்கள். முதல் நாள் போட்ட ஓர் எண் எவ்வளவு வேலை வைத்தது பாருங்கள்.

சரி, முன்பக்கம் நெரிசல் என்று சேமிப்பின் கடைசியில் வைத்தால்? ஜிபிடி பகுதி அட்டவணை தன் மாற்று நகலை வைப்பது அங்கேதான், கடைசி 16.5 கிலோபைட்டில். 8 கிலோபைட் என்விரான்மென்ட்டைக் கடைசி 8 கிலோபைட்டில் வைத்தவர், ஜிபிடியின் முதுகில் எழுதிக்கொண்டிருக்கிறார். யாராவது பகுதிகளைத் திருத்தும் நாள்வரை இது வெளியே தெரியாது.

இ-எம்எம்சியின் இரண்டு பூட் பகுதிகள் இதற்குத் தோதானவை. பயனர் பகுதிக்கு வெளியே, தனியாக, ஒவ்வொன்றும் பொதுவாகச் சில மெகாபைட். பகுதி அட்டவணை கருவிகள் எதுவும் அங்கே எட்டாது. எங்கள் பூட்லோடர் பயனர் பகுதியில் இருப்பதால் இவை சும்மாதான் கிடந்தன. லினக்ஸ் இவற்றைப் படிக்க மட்டும் என்றே திறக்கும். எழுதுவதற்கு முன் அந்தப் பூட்டை ஒரு கோப்பின் வழியாக எடுத்துவிட வேண்டும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். தவறுதலாக எழுத முடியாது என்பதால் பிறகு பிடித்துப்போனது.

நார் ஃப்ளாஷ் பழைய, நம்பகமான ஆள். இ-எம்எம்சி மாதிரி உள்ளே ஒரு கட்டுப்பாட்டுச் சிப் நமக்குத் தெரியாமல் தரவை இடம் மாற்றுவதில்லை. வைத்த இடத்தில் இருக்கும். ஒரு செக்டரை ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை அழித்து எழுதலாம். ஆனால் பூஜ்யத்தை ஒன்றாக்க முழு செக்டரையும் அழித்தே ஆக வேண்டும், 4 கிலோபைட்டோ 64 கிலோபைட்டோ. அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் போனால் ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் இரட்டை நகல்: பழையதைத் தொடாமல் இன்னொன்றில் எழுதி, எது புதியது என்று ஒரு பைட்டில் குறித்துவைப்பது. இதிலும் ஒரு பொறி. செக்டர் 64 கிலோபைட், என்விரான்மென்ட் 8 கிலோபைட் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நகலையும் அடுத்தடுத்து ஒரே செக்டருக்குள் போடுகிறார்கள். யூ-பூட் மிச்சத்தை ராமில் நகலெடுத்து, செக்டரை அழித்து, திரும்ப எழுதும். அந்த நொடியில் கரண்ட் போனால் இரண்டு நகலும் ஒன்றாகப் போகும். இரட்டை நகல் வைத்ததாக நிம்மதியாகத் தூங்கியதுதான் மிச்சம். வெற்று நாண்ட் ஃப்ளாஷ் உள்ள போர்டு என்றால் இந்த விவாதமே வேண்டாம்: நாண்டை நிர்வகிக்கும் யூபிஐ (UBI, பணம் அனுப்பும் யூபிஐ அல்ல) அடுக்கில் இரண்டு தொகுதி ஒதுக்கிவிடுங்கள், கெட்ட பிளாக்குகளை அது பார்த்துக்கொள்ளும்.

ஈஈப்ராமிலேயே என்விரான்மென்ட்டையும் வைக்கலாமா? முடியும். பத்து லட்சம் தடவை எழுதினாலும் தாங்கும். ஆனால் 4 கிலோபைட்டை 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் படிக்கவே மூன்றில் ஒரு வினாடிக்கு மேல். எழுதுவதென்றால் 32 பைட் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிவினாடிவரை காத்திருந்து, மொத்தம் ஒரு வினாடி. அதைவிட, அடையாளம் இருக்கும் சிப்பின் எழுத்துப் பூட்டை (எழுத விடாமல் தடுக்கும் பூட்டு) அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும் என்பதே எனக்கு உறுத்தியது.

கடைசி வழி, எங்கும் சேமிக்காமல் இருப்பது. கிளம்பும் ஒவ்வொரு தடவையும் தொகுத்த மதிப்புகளே. கையொப்பம் சரிபார்த்துக் கிளம்பும் போர்டுகளுக்கு இதன் மதிப்பு புரியும்: கெர்னலுக்குக் கையொப்பமிட்டுவிட்டு, கெர்னலின் கட்டளை வரியை யார் வேண்டுமானாலும் மாற்றும்படி ஃப்ளாஷில் விட்டால் பூட்டு ஒரு பக்கம், சாவி வாசல்படியில். ஆனால் ஏ, பி மாற்றத்துக்கு ஏதாவது ஒன்றை எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? அதற்கு யூ-பூட்டில் நடுவழி ஒன்று இருக்கிறது: எழுதத்தக்க மாறிகளின் பட்டியல். பட்டியலில் இருப்பவற்றை மட்டுமே சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், மற்றவை எப்போதும் தொகுத்த மதிப்பே. மேலே சொன்ன பேய்க்கதைக்கும் இதுவே மருந்து.

பேர்பாக்ஸ் என்ற இன்னொரு பூட்லோடர் இதை முதலிலிருந்தே வேறு மாதிரி யோசித்தது. 2009வரை யூ-பூட்-வி2 என்ற பெயரில் இருந்த கிளை அது. நிலையாக மாற்றிய மாறிகள் மட்டும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். தொடாதவை குறியீட்டோடு நகர்ந்து மாறும். அது மட்டுமல்ல, எந்தெந்த நிலைத் தகவல், எந்த வகை, எந்த இடம் என்பதை டிவைஸ் ட்ரீயிலேயே வர்ணித்துவிட்டால், பூட்லோடரும் லினக்ஸும் அதே வர்ணனையைப் பார்த்துப் படிக்கும். புதிதாக, எந்தப் பழைய சுமையும் இல்லாமல் தொடங்குபவர் என்றால் நான் பேர்பாக்ஸைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எங்களுக்கு யூ-பூட்டில் ஏற்கெனவே எழுதிய ஒட்டுகள் (பேட்ச்) நிறைய இருந்தன, அதனால் அதிலேயே தொடர்ந்தோம்.

எடுத்த முடிவு

மாதிரி, திருத்தம், வரிசை எண் ஈஈப்ராமில். மேக் முகவரி ஃப்யூஸில். டிவைஸ் ட்ரீ கெர்னலோடு. மாறும் அமைப்புகள் இ-எம்எம்சி பூட் பகுதிகளில், இரட்டை நகலாக: இரண்டு நகலுக்கும் ஒரே தொலைவைக் கொடுத்தால், முதல் பூட் பகுதியில் ஒன்றும் இரண்டாவதில் ஒன்றுமாக யூ-பூட் வைத்துக்கொள்ளும். எழுதத்தக்க பட்டியலில் நான்கே மாறிகள். நார் ஃப்ளாஷ் வேண்டாம் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டோம். இ-எம்எம்சி இல்லாமல் கார்டில் மட்டும் கிளம்பும் போர்டாக இருந்திருந்தால் கண்டிப்பாக நார்தான் போட்டிருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நடுவில் மனம் மாறினோம். தோல்வி எண்ணிக்கையை ஏஎம்335எக்ஸின் கடிகாரப் பகுதியில் உள்ள ஒரு பதிவேட்டில் வைக்க யூ-பூட்டில் ஆயத்த வழி உண்டு. ஃப்ளாஷில் எழுதுவதே கிடையாது, வாட்ச்டாக் (மென்பொருள் தொங்கினால் போர்டை மீண்டும் கிளப்பும் டைமர்) ரீசெட்டைத் தாண்டி மதிப்பு நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் எங்கள் போர்டில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி இல்லை. பெட்டி கிளம்பவில்லை என்றால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? பிளக்கைப் பிடுங்கிச் செருகுவார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும், மாற்றுப் பகுதிக்குத் தாவ வேண்டிய வரம்பை எட்டவே எட்டாது. எனவே எண்ணிக்கையும் என்விரான்மென்ட்டுக்கே வந்தது. மேம்படுத்தல் நடந்ததைக் குறிக்கும் மாறி 1 ஆக இருக்கும்போது மட்டும்தான் யூ-பூட் அதை எழுதும் என்பதால், தினசரிக் கிளம்பலில் ஃப்ளாஷ் தேய்வதில்லை.

லினக்ஸ் பக்கத்தில் "எஃப்டபிள்யூ-செட்என்வ்" கருவிக்கும் அதே தொலைவு, அதே அளவு, இரண்டு வரியில் கொடுக்க வேண்டும். ஓர் எண் பிசகினாலும் அந்தக் கருவி சிஆர்சி தப்பு என்று சொல்லிவிட்டு, தன்னிடமுள்ள இயல்புநிலையை எடுத்து எழுதிவிடக்கூடும். பழைய பதிப்புகளில் அந்த இயல்புநிலை கருவியோடு தொகுக்கப்பட்டது. வேறொரு போர்டுக்காகத் தொகுத்திருந்தால் அந்த போர்டின் கட்டளைகள் உங்கள் போர்டில் வந்து உட்காரும். அதனால் தொகுப்பு முடிந்ததும், பூட்லோடரில் எழுதி லினக்ஸில் படிக்கும் ஒரு சோதனையையும், திருப்பி எழுதும் ஒரு சோதனையையும் வைத்திருக்கிறோம்.

ஈஈப்ராமின் எழுத்துப் பூட்டுப் பின் போர்டில் ஒரு மின்தடை வழியாகப் பூட்டிய நிலையிலேயே இருக்கிறது. சோதனைச் சட்டத்தில் ஒரு போகோ பின் (ஸ்பிரிங் வைத்த முனை) வந்து தொடும்போது மட்டும் திறக்கும். தொழிற்சாலையின் பழைய துடைக்கும் ஸ்கிரிப்ட்டை நாங்கள் எடுத்துவிடவில்லை. அது இன்னும் கடைசிப் படியில் ஓடுகிறது, இரண்டு பூட் பகுதிகளையும் அழிக்கிறது. போர்டு மறுபடி கிளம்பி, ஃப்யூஸில் இருக்கும் தன் முகவரியோடு ஸ்விட்ச்சில் வந்து நிற்கிறது.